வடிவுக்குப் பூசிய வெள்ளை: ஜப்பானிய முகப்பவுடரும் ஒரு ‘தற்போதைக்கு’வும்

ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சி ஆனதும் அக்கம்பக்கத்தில் இருக்கிற ஆக்கள் எல்லாரும் டொக்டராகி விடுவார்கள். பப்பாசி தொடாதே, அன்னாசி வேண்டாம், குங்குமப்பூப் பால் குடி, பிள்ளை வெள்ளையாப் பிறக்கும். முகத்துக்கு என்ன பூசலாம், தலைக்கு டை அடிக்கலாமா, ஃபேசியல் செய்யலாமா என்ற கேள்விகளுக்கும் ஆளுக்கொரு பதில் இருக்கும். எல்லாப் பதிலிலும் ஒரு விசயம் பொதுவாக இருக்கும்: கவனமாக இருக்க வேண்டியவள் அவள்தான். ஏதும் பிழைத்தால் பழியும் அவளுக்குத்தான்.

ஆனால் ‘தாய் பூசுகிறது பிள்ளைக்குப் போகுமா?’ என்ற கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்தக் கேள்வியை மருத்துவம் ஒழுங்காகக் கேட்கவே கனகாலம் எடுத்தது. விடை தெரிந்த பிறகும் அதைச் சட்டமாக்க இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. இந்தக் கதை மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிற நாடுகளில் ஒன்று ஜப்பான். அங்கே இது இரண்டு தடவை நடந்தது. முதல் தடவை ஈயத்தால், இரண்டாம் தடவை பாதரசத்தால்.

இரண்டு வெள்ளைகள்

ஜப்பானில் முகத்துக்குப் பூசும் வெள்ளைப் பவுடரை ‘ஒஷிரோய்’ என்பார்கள். வெள்ளைத் தோல் ஏழு குறையை மறைக்கும் என்ற அர்த்தத்தில் அங்கே ஒரு பழமொழியே உண்டு. எங்களுக்கும் அது புதுசாகக் கேட்காது.

‘நிஹோன் ஷோக்கி’ என்ற பழைய வரலாற்று நூலில், 692ஆம் ஆண்டு ஒரு பௌத்த துறவி ஈயவெள்ளை செய்து ஜித்தோ பேரரசிக்குக் கொடுத்ததாகவும், பேரரசி அதைப் பாராட்டிப் பரிசு கொடுத்ததாகவும் குறிப்பு இருக்கிறது. ஈயத்தை வினாகிரியின் ஆவியில் வைத்து வெள்ளையாக மாற்றும் முறை ஐரோப்பாவிலும் சீனாவிலும்கூட இருந்த பழைய தொழில்நுட்பம்தான். இதைத் தவிர இன்னொரு வெள்ளையும் இருந்தது. இசே என்ற பகுதியில் பாதரசத்திலிருந்து செய்யப்பட்ட பவுடர் அது. ஆக, அந்த நாட்டுப் பெண்கள் நூற்றாண்டுக் கணக்காக முகத்தில் பூசியது ஒன்றில் ஈயம், இல்லாவிட்டால் பாதரசம்.

எடோ காலத்தில் (1603–1868) ஈயவெள்ளை மலிவாகிப் பரவலானது. முகத்துக்கு மட்டுமில்லை, கழுத்து, பிடரி, நெஞ்சு வரைக்கும் பூசுவது வழக்கம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஈயவெள்ளை தோலில் நன்றாக ஒட்டும், சமனாகப் பரவும், வியர்வைக்கு லேசில் கரைந்து போகாது. பூசுகிற ஆளுக்கு அது உண்மையிலேயே நல்ல பவுடர்.

அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை எலும்புகள் சொல்லியிருக்கின்றன. கொக்குரா என்ற நகரத்தில் எடோ காலத்துச் சாமுராய் குடும்பங்களின் கல்லறைகளிலிருந்து எடுத்த எலும்புகளில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்களைவிடப் பெண்களின் எலும்பில் ஈயம் கூட. பெண்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் எலும்பில் இன்னும் எத்தனையோ மடங்கு கூட. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம்தான் அது ஆக அதிகம். அந்தப் பிள்ளைகள் பவுடர் பூசவில்லை. ஆய்வாளர்கள் காட்டியது தாய்மாரின் ஒப்பனையைத்தான்.

மேடையில் நடுங்கிய கால்

ஈயம் கெட்டது என்பது ஜப்பானில் பொதுவெளியில் பேசப்பட்டது ஒரு பெண்ணாலோ ஒரு பிள்ளையாலோ இல்லை. ஒரு நடிகரால்.

1887 ஏப்ரலில், வெளிநாட்டமைச்சர் இனோவே கவோருவின் வீட்டில் மெய்ஜி பேரரசர் முன்னால் கபுக்கி நாடகம் நடந்தது. பேரரசர் கபுக்கி பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதில் நடித்த நக்கமுரா ஃபுக்குசுக்கே என்ற இளம் நடிகரின் கால், மேடையில் அடக்க முடியாமல் நடுங்கியது. கபுக்கியில் ஆண்களே பெண் வேடம் போடுவார்கள். ஃபுக்குசுக்கே அதில் பேர்போனவர். நாளாந்தம் முகத்திலும் கழுத்திலும் தடிப்பாக ஈயவெள்ளை பூசி வந்தவர். நோய் ஈயநஞ்சு என்று கண்டுபிடிக்கப்பட்டது. பிற்காலத்தில் ஐந்தாம் நக்கமுரா உத்தாயேமோன் என்ற பெரிய பட்டத்துக்கு வந்தபோதும் கால் அவருக்குச் சரியாகவில்லை.

பிரபல நடிகர், பேரரசர் முன்னிலை என்றபடியால் விசயம் பரவியது. ஈயமில்லாத பவுடர் தேடும் முயற்சி தொடங்கியது. 1904இல் ‘மிசோனோ’ என்ற பெயரில் ஈயமில்லாத பவுடர் சந்தைக்கு வந்தது. அதாவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஈயம் ஆபத்து என்ற அறிவும் இருந்தது, மாற்றுப் பவுடரும் இருந்தது.

அதற்கிடையில் அரசாங்கமும் ஒரு சட்டம் கொண்டு வந்திருந்தது. 1900இல் உள்துறை அமைச்சு, உணவிலும் அழகுசாதனங்களிலும் நச்சு வண்ணப்பொருட்களைத் தடைசெய்து விதி வெளியிட்டது. அதில் ஈயமும் அடக்கம். ஆனால் விதியின் கடைசிப் பகுதியில் ஒரு விலக்கு வைத்தார்கள்: ஒப்பனைக்குப் பயன்படும் ஈயவெள்ளைக்கு மட்டும் ‘தற்போதைக்கு’ இந்தத் தடை இல்லை.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லை நினைவில் வைக்கச் சொன்னால், இந்தத் ‘தற்போதைக்கு’ என்ற சொல்லைத்தான் சொல்லுவன்.

பெயரில்லாத நோய்

1890களிலிருந்து ஜப்பானியக் குழந்தை மருத்துவர்கள் ஒரு நோயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். தாய்ப்பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்கு வருவது. முதலில் பிள்ளை வெளிறும், சத்தியெடுக்கும், பிறகு வலிப்பு வரும். கனக்கப் பிள்ளைகள் செத்துப் போயின. தப்பின பிள்ளைகள் பலவற்றுக்குப் பார்வையோ அறிவு வளர்ச்சியோ பாதித்தது. பார்க்க மூளைக்காய்ச்சல் மாதிரி. ஆனால் கிருமியைக் காணவில்லை. அதனால் ‘மூளைக்காய்ச்சல் எனப்படுவது’ என்று ஒரு பெயரை வைத்தார்கள். தெரியாத ஒன்றுக்கு வைத்த பெயர் அது.

ஏறத்தாழ முப்பது வருடம் அந்தப் பெயர் அப்படியே கிடந்தது. 1923இல் கியோட்டோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஹிராய் இக்குத்தாரோ அதன் காரணத்தை வெளியிட்டார். அது ஈயநஞ்சு. வந்த வழி, தாயின் முகப்பவுடர்.

வழி ஒன்றில்லை, பல. தாய் கழுத்திலும் நெஞ்சிலும் பூசியிருப்பதை, பால் குடிக்கிற பிள்ளை நக்கி விழுங்கும். தாயின் கையில் ஒட்டியது பிள்ளையின் வாய்க்குப் போகும். பிள்ளையின் வேர்க்குருவுக்கும் அதே பவுடரைப் போடுவார்கள். தாயின் உடம்புக்குள் போன ஈயம் பால் வழியாகவும் வரும்.

இதில் இன்னொரு விசயத்தைப் பிற்கால மருத்துவம் தெளிவாக்கியது. உடம்புக்கு ஈயமும் கல்சியமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான். அதனால் உள்ளே போகிற ஈயத்தில் பெரும்பங்கு எலும்பில் போய்த் தங்கும், பல வருடங்களுக்கு அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கிற காலத்திலும் பிள்ளைக்குத் தேவையான கல்சியத்தைத் தாயின் எலும்பு விட்டுக் கொடுக்கும். அப்போது அதோடு சேர்ந்து பழைய ஈயமும் இரத்தத்துக்கு வந்து, சூல்வித்தகத்தைத் தாண்டிப் பிள்ளையிடம் போகும். பதினைந்து வயதில் பூசத் தொடங்கிய பவுடர், இருபத்தைந்து வயதில் பிறக்கிற பிள்ளையை வந்து சேரலாம். ‘கர்ப்பம் என்று தெரிஞ்ச நாளிலிருந்து நிப்பாட்டினால் சரி’ என்ற ஆலோசனை ஈயத்துக்குப் போதாது.

இப்ப அந்த விலக்கைத் திரும்பப் பாருங்கோ. 1900இல் ‘தற்போதைக்கு’. 1904இல் மாற்றுப் பவுடர். 1923இல் காரணம் வெளிச்சம். ஈயப் பவுடரைத் தடைசெய்யச் சட்டம் திருத்தப்பட்டது 1930இல். செய்வதையும் விற்பதையும் முழுதாக நிறுத்தக் கொடுத்த அவகாசம் முடிய 1930களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஹிராயின் கண்டுபிடிப்புக்குப் பிறகும் ஒரு பத்து வருடத்துக்கு மேல், கடையில் ஈயப் பவுடர் சட்டப்படியே இருந்திருக்கிறது.

அந்த இடைவெளியில் பெண்கள் செய்யக்கூடியது என்ன? நல்ல பவுடரைத் தெரிந்தெடுத்து வாங்க வேண்டும். அதற்கு வாசிக்க வேண்டும், காசு வேண்டும், லேபிளில் உண்மை இருக்க வேண்டும். கெய்ஷாக்களுக்கும் நடிகைகளுக்கும் பவுடர் என்பது வேலைக்கான கருவி. வேண்டாம் என்று சொல்லுற சுதந்திரம் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? ஈயப் பவுடரை அலுமாரியிலிருந்து எடுத்தது அவர்களின் கவனமில்லை. சட்டம்.

மதில் இல்லாத கருப்பை

இரண்டாவது தடவை நடந்தது அழகுசாதனத்தால் இல்லை. ஆனால் இன்றைக்கு உலகம் முழுக்க அழகுசாதனத்துக்கான ஒரு சட்டம் அதன் பெயரில்தான் இருக்கிறது. அதனால் அதையும் சொல்ல வேண்டும்.

கியூஷூ தீவில் மினமாட்டா என்ற கரையோர ஊர். அங்கே இருந்த ச்சிஸ்ஸோ இரசாயனத் தொழிற்சாலை 1932இலிருந்து பாதரசத்தை ஊக்கியாக வைத்து அசற்றல்டிகைட்டு உற்பத்தி செய்தது. கழிவு கடலுக்குப் போனது. அதிலிருந்த மெதைல் பாதரசம் மீனில் சேர்ந்தது. மீனைச் சனம் சாப்பிட்டது. 1956 மே 1ஆம் திகதி நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. முதலில் பதிவானவர்கள் சின்னப் பிள்ளைகள்.

அதே ஊரில் மீனே சாப்பிடாத பிள்ளைகளும் இருந்தார்கள். பிறவியிலிருந்தே நடக்க முடியாமல், பேச முடியாமல் இருந்த பிள்ளைகள். டொக்டர்மார் அவர்களுக்கு மூளைவாதம் என்று எழுதினார்கள். ஏனென்றால் அக்கால மருத்துவத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது: சூல்வித்தகம் ஒரு மதில், தாயின் உடம்பிலிருக்கிற நஞ்சை அது உள்ளே விடாது.

1961இல் குமமோட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து ஹரடா மசசுமி என்ற இளம் டொக்டர் வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில் இரண்டு சகோதரர்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி அறிகுறி. மூத்தவனுக்கு மினமாட்டா நோய் என்றும், இளையவனுக்கு மூளைவாதம் என்றும் எழுதியிருந்தது. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டவருக்கு, இளையவன் மீன் சாப்பிட்டதே இல்லை என்று டொக்டர்மார் சொன்னதைத் தாய் விளங்கப்படுத்தினார். பிறகு தான் நினைப்பதையும் சொன்னார்: இவன் வயிற்றில் இருக்கும்போது மீன் சாப்பிட்டது நான், என்னிலிருந்த நஞ்சுதான் இவனுக்குப் போயிருக்கு.

ஹரடா அந்தத் தாயின் பேச்சைத் தூக்கி எறியவில்லை. ஆராய்ந்தார். 1962இல், இறந்த பிள்ளைகளின் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு, இப்படியான 16 பிள்ளைகள் கருவிலேயே மினமாட்டா நோய் பெற்றவர்களாக அங்கீகரிக்கப்பட்டார்கள். அதே காலத்தில்தான் தலிடமைட் மாத்திரையின் விளைவும் தெரிய வந்தது. கர்ப்பகாலச் சத்திக்கென்று தாய்மாருக்குக் கொடுத்த மாத்திரையால் பல நாடுகளில் பிள்ளைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தார்கள். 1961 நவம்பரில் ஜேர்மனியில் அதைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். மதில் என்ற நம்பிக்கை இரண்டு பக்கத்தாலும் உடைந்தது.

ஹரடாவின் சான்றுகளில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது தொப்புள்கொடி. பிள்ளையின் காய்ந்த தொப்புள்கொடித் துண்டை ஒரு சின்ன மரப்பெட்டியில் போட்டுக் காப்பது ஜப்பானிய வழக்கம். எங்கட ஆக்களில் சிலர் அதைத் தாயத்துக்குள் வைப்பது மாதிரித்தான். ஹரடா மினமாட்டாத் தாய்மாரிடம் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். கொடிகளில் இருந்த மெதைல் பாதரசத்தை அளந்து, பிள்ளை பிறந்த வருடப்படி அடுக்கிப் பார்த்தபோது, அந்தக் கோடு தொழிற்சாலையின் உற்பத்தியோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. தாய்மார் பாசத்துக்காகச் சேர்த்து வைத்தது, ஒரு கம்பனிக்கு எதிரான சாட்சியாக மாறியது.

இவ்வளவும் நடந்தும், அந்த உற்பத்தி நின்றது 1968இல்தான். அங்கேயும் ஒரு ‘தற்போதைக்கு’ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

எங்கட அலுமாரி

2013 ஒக்டோபரில் ஜப்பானில் வைத்து, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை நிறைவேறியது. அதன் பெயர் மினமாட்டா சாசனம். 2017 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அந்த வருடமே இலங்கையும் அதில் இணைந்தது. தோலை வெளுக்க வைக்கும் கிறீம்களும் சவர்க்காரங்களும் உட்பட, அழகுசாதனங்களில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது, அப்படியானவற்றை 2020க்குள் ஒழிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த எல்லை போதாது என்று 2023இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த எல்லா அழகுசாதனங்களையும் 2025க்குள் நிறுத்துவதென்று முடிவெடுத்தன.

ஏன் கிறீமில் பாதரசம்? தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. மலிவு, வேகம். பூசிக் கொஞ்ச நாளிலேயே ‘வெளுத்திட்டுது’ என்று தெரியும். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மினமாட்டா மீனில் இருந்தது சேதனப் பாதரசம், கிறீமில் பெரும்பாலும் சேர்ப்பது அசேதனப் பாதரசம். இரண்டும் ஒன்றில்லை. கிறீம் பாதரசம் முக்கியமாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். ஆனால் அது தோல் வழியாக உள்ளே போகும், ஆவியாகும், துவாயிலும் தலையணையிலும் ஒட்டும், கிறீமே பூசாத கைக்குழந்தையின் உடம்பு வரைக்கும் போகும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் இதில் கூடுதல் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஹிராய் பார்த்த அதே பாதை: தாயின் தோல், தாயின் கை, பிள்ளையின் வாய்.

எங்கட கடைகளிலும் ஒன்லைன் பக்கங்களிலும் முகவரியில்லாத, உற்பத்தியாளர் பெயரில்லாத ‘வெள்ளையாக்கும்’ கிறீம்கள் எவ்வளவு லேசாகக் கிடைக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். கல்யாணத்துக்கு முதல் பூசத் தொடங்கி, கர்ப்பத்திலும் தொடருகிற ஆக்கள் இருக்கிறார்கள். கர்ப்பத்தில் முகம் கறுப்பது இயல்பு, ஓமோன் மாற்றத்தால் வருவது, பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் குறையும். ஆனால் ‘என்ன இப்படிக் கறுத்திட்டாய்?’ என்று கேட்கிறதுக்கு ஊரில் ஆள் குறைவில்லை. அந்தக் கேள்வியும் கிறீம் விற்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து கையில் எடுக்கக்கூடிய சில விசயங்கள்:

லேபிளில் கலோமெல், மெர்குரி, மெர்குரிக், மெர்குரஸ் என்று ஏதாவது இருந்தால் அது பாதரசம். ‘தங்கம், வெள்ளி நகைகளில் படக்கூடாது’ என்ற எச்சரிக்கையும் ஒரு அறிகுறி. பொருட்கள் பட்டியலே இல்லாத கிறீம் இன்னும் மோசம்.

கண்ணுக்கிடும் சில சுர்மா வகைகளிலும் நெற்றிக்கிடும் சில செந்தூரங்களிலும் வெளிநாடுகளில் சோதித்தபோது ஈயம் பிடிபட்டிருக்கிறது. பழசு, பாரம்பரியம் என்பதால் மட்டும் ஒன்று பத்திரமாகி விடாது. ஈயவெள்ளைக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் பாரம்பரியம் இருந்தது.

முகப்பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெடினோயின் மாத்திரை அமெரிக்காவில் 1982இல் சந்தைக்கு வந்து, அடுத்த வருடமே பிறவிக் குறைபாடுகள் பதிவாகத் தொடங்கின. கர்ப்பத்தில் அதைத் தொடவே கூடாது. ரெடினோல் வகைக் கிறீம்களையும் அந்தக் காலத்தில் விட்டு வைக்கத்தான் டொக்டர்மார் சொல்கிறார்கள்.

மற்றப்படி தேங்காய் எண்ணெய், மென்மையான சவர்க்காரம், வெயிலுக்குக் குடை, வீட்டில் அரைத்த மருதாணி எல்லாம் பயப்படுகிற விசயங்கள் இல்லை. கடையில் விற்கிற ‘கறுப்பு மருதாணி’ வேறு. அதில் தலைமுடி டையில் இருக்கிற இரசாயனம் சேர்த்திருக்கலாம், தோலைச் சுடும். குங்குமப்பூப் பாலால் பிள்ளையின் நிறம் மாறாது. சந்தேகமான கிறீமை, மாத்திரையைக் கிளினிக்குக் கொண்டுபோய் மிட்வைஃபிடமோ டொக்டரிடமோ காட்டிக் கேட்கலாம். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைத்தாய்ச்சி தன்னை வடிவாக வைத்திருக்க விரும்புவது குற்றமில்லை.

இவ்வளவும் தனி ஆள் செய்யக்கூடியது. ஆனால் ஜப்பானியக் கதை அதோடு நிற்கவில்லை. அங்கே ஈயம் போனது பெண்கள் திருந்தியதால் இல்லை, விற்பது நின்றதால். பாதரசத்தின் உண்மை தெரிந்தது, ஒரு டொக்டர் ஒரு தாய் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதால். சாசனத்தில் நாங்கள் இணைந்தாயிற்று. அந்தச் சாசனம் கடை அலுமாரி வரைக்கும் வந்திருக்கிறதா என்று பார்ப்பது அந்தக் கடையில் கிறீம் வாங்குகிற பிள்ளைத்தாய்ச்சியின் வேலை இல்லை. நுகர்வோர் அதிகாரிகளின் வேலை, சுங்கத்தின் வேலை, கேள்வி கேட்கிற எங்கள் எல்லாருடைய வேலை.

அடுத்த முறை ஒரு கர்ப்பிணியிடம் ‘நீ ஏன் இதைப் பூசினாய்?’ என்று யாராவது கேட்டால், அதற்கு முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இதை ஏன் விற்க விட்டார்கள்? அதற்கு ‘தற்போதைக்கு’ என்று பதில் வந்தால், எவ்வளவு காலத்துக்கு என்று கேளுங்கோ.